இரண்டாம் மணி

இனி வரும் ஒவ்வொரு சொல்லும் உண்மை. என் வாயில் எஞ்சியிருக்கும் பற்கள் அனைத்தின்மீதும் ஆணையிட்டு இதனைச் சொல்கிறேன். கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை, நடந்ததை நடந்தவாறே, ஓடியதை ஓடியவாறே எழுதுகிறேன். ஐயுறுவோர் இவ்விடத்திலேயே நின்றுகொள்ளலாம். நிற்பது எளிதன்று என்பதைச் சொல்வதற்கே இக்கதை எழுந்தது. ஆதலால் நிற்க முடிந்தவர்களை நான் பெரிதும் மதிக்கிறேன்.

கார்முகில் கவிந்து, பகல் தன்னையே மாலையென்று எண்ணி மயங்கும் ஒரு வேளையில், நகரின் புறத்தே, ஆலைகளின் புகைபோக்கிகள் ஒருபுறமும் துருவேறிய இருப்புப்பாதைகள் மறுபுறமும் காவல் நிற்க, பெருங்கிண்ணம் ஒன்றை யாரோ மண்ணில் அழுத்தி எடுத்த தடம்போலக் கிடந்தது அவ்வோட்டக்களம். செம்பொடி பரப்பிய அதன் நீள்வட்டப் பாதை, மழைநீரைக் குடித்துக் குடித்து, ஆறாத புண்ணின் நிறம் கொண்டிருந்தது. அதன்மேல் இட்ட சுண்ணக் கோடுகள், அழுத கண்ணின் மைபோலக் கரைந்து, எது எவனுடைய வழி என்று அறியவொண்ணாதபடி ஒன்றோடொன்று கலந்தன. படிப்படியாய் உயர்ந்த மரப்பலகை இருக்கைகளில் குடைக்கு ஒருவராய்ச் சிதறி அமர்ந்திருந்தோர், வெற்றியைக் காண வந்தவர்களைப்போலன்றிப் பிணத்தை எடுக்கும் பொழுதுக்குக் காத்திருப்பவர்களைப்போலத் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டிருந்தனர். முடிவுக்கோட்டின் அருகே, இரு கம்பங்களுக்கு நடுவில், நனைந்த காளையின் தலைபோலக் குனிந்து தொங்கியது ஒரு வெண்கல மணி.

நாட்டின் தடகள வாகைப் போட்டி ஆண்டுக்கு ஒருமுறை அங்கேதான் நடைபெறும். அதன் வரலாறு நெடியது. பெருமைகள் சிலவும் வெட்கங்கள் பலவும் உடையது. முதற்போட்டியில் ஈட்டி எறிந்தவன் எதிர்காற்றில் எறிந்தான். ஈட்டி எழுந்தது, உச்சியில் சற்று நின்றது, எண்ணிப் பார்த்தது, திரும்பி வந்து அவன் காலடியிலேயே குத்திட்டு நின்றது. அளவுநாடாவுடன் ஓடிவந்த நடுவர்கள் அதனை விரிக்க இடமின்றி மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டனர். மறு ஆண்டில் உயரம் தாண்டியவன் ஒருவன், குறுக்குக்கோலுக்கு மேலே போனவன் போனவனாய், பரிசளிப்பு முடியும்வரை இறங்கவே இல்லை. அவனுடைய பதக்கத்தை ஒரு கழியின் நுனியில் கட்டித்தான் நீட்டவேண்டியதாயிற்று. இவற்றை மிகையென்று சொல்வோர் உளர். அவர்கள் எவரும் அன்று அங்கில்லை. ஆயினும் இவையெல்லாம் சிறு செய்திகள்; அப்போட்டியின் வரலாற்றில் பெருஞ்செய்தி ஒன்றே, அது அந்த மணியைப் பற்றியது. சுற்றுகள் பல கொண்ட நெடுந்தொலை ஓட்டத்தில், முன்னே ஓடுபவன் கடைசிச் சுற்றுக்குள் காலெடுத்து வைக்கும்போது மணி ஒலிக்கவேண்டும். அதன்பின் ஒரு சுற்று, அத்தோடு ஓட்டம் முடிந்தது. களைத்தவனுக்கு இதைவிட இனிய ஒலி வேறில்லை.

அம்மணியை அடிக்கும் பொறுப்பு ஒரு பல் மருத்துவரிடம் இருந்தது. போட்டியின் நடுவர்கள் யாவரும் கூலி பெறாதவர்கள். தத்தம் தொழிலை ஒருநாள் மூடிவைத்துவிட்டு வெள்ளைத் தொப்பி அணிந்து வருவோர். இவர் மெலிந்த, தூய, எப்போதும் கிராம்பு மணக்கின்ற மனிதர். கை நடுங்காதவர், குரல் உயராதவர். அவருடைய தொழிலில் ஒரு வழக்கம் இருந்தது. நாற்காலியில் சாய்ந்தவன் வாய் பிளந்து, கண் பிதுங்கி, கைப்பிடியை நெரிக்கின்ற வேளை பார்த்து, "இதோ ஆச்சு, இதுதான் கடைசி இழுப்பு" என்பார். அது கடைசி இழுப்பன்று, அதற்கு முந்தையது. அவரிடம் பல் பிடுங்கிக்கொண்ட அனைவருக்கும் இது தெரியும். தெரிந்திருந்தும், அச்சொல் காதில் விழுந்தவுடன், இன்னும் ஒரு வலிக்கான வலிமையை ஒவ்வொருவரும் தமக்குள்ளே எங்கோ தேடிக் கண்டெடுத்தனர். பொய்யும் ஒரு மருந்தே, அளவு தப்பாதவரை.

ஓடவந்தோருள் ஒருவனை ஊரார் நெட்டையன் என்று அழைத்தனர். அச்சகம் ஒன்றில் நூல்களுக்கு அட்டை கட்டுபவன். உடலில் பாதிக்குமேல் காலாகவே பிறந்தவன். விடியுமுன் ஓடப் போவான், அங்கிருந்து வேலைக்குப் போவான், வேலை முடிந்ததும் மறுபடி ஓடப் போவான். அவன் மனைவி தையற்காரி. மணம் முடித்த நாள்முதல், வாயிற்படியில் நுழைகின்ற கால்களையும் வெளியேறுகின்ற கால்களையுமே அவள் மிகுதியாய்க் கண்டிருந்தாள். தன்னருகே ஒருவன் வந்து அமர்ந்திருக்கவேண்டும், தான் தைக்கும்போது அவன் சும்மா பார்த்துக்கொண்டிருக்கவேண்டும் என்பதொன்றே அவள் வேண்டியது. அன்று காலை, எண் பொறித்த துணியை அவன் ஓட்டச் சட்டையின் முதுகில் வைத்துத் தைத்துக்கொண்டே அதனை அவள் கேட்டும்விட்டாள்.

"இதான் கடைசி. இது முடிஞ்சா உக்காந்துடுறேன், உன் பக்கத்துலயே. நீ தைச்சுக்கிட்டே இரு, நான் பாத்துக்கிட்டே இருக்கேன்" என்றான் அவன்.

"வீட்ல நீங்க உக்காந்து நான் பாத்ததே இல்லையே. உக்கார வருமா?"

"கத்துக்கிறேன். இவ்வளவு கஷ்டப்பட்டு ஓடக் கத்துக்கல?"

"அசையாதீங்க, ஊசி குத்திரும்."

"பாத்தியா, நிக்கச் சொன்னாலே குத்துறே."

வெடி முழங்கிற்று, ஓட்டம் எழுந்தது. ஈரச் செம்பொடி முழங்கால்வரை தெறிக்க, முகில்களுக்கிடையே தப்பிய நாரைபோல நெட்டையன் முன்னே சென்றான். மற்றவர்கள் அவனுக்குப் பின்னே, அறுந்த மாலையின் மணிகள்போல ஒவ்வொருவராய் விலகிப் பின்தங்கினர். ஆயினும் மழைக்களத்தில் முன்னோடுவது என்பது தனியே அழுவது போன்றது; பங்குகொள்ள ஒருவரும் இரார். சுற்று மேல் சுற்றாக அவன் முகம் வெளுத்தது, வாய் பிளந்தது, விழிகள் பிதுங்கின. இன்னும் இரண்டு சுற்றுகள் எஞ்சியிருந்தபோது, மணிக் கம்பத்தை நோக்கி அம்முகம் வந்தது. எஞ்சிய சுற்றுகளைக் காட்டும் பலகையைப் பார்க்கவேண்டிய பல் மருத்துவர், பலகையைப் பாராமல் அம்முகத்தையே பார்த்தார். பார்த்தார், மணி ஒலித்தது.

அவ்வொலி கேட்டு நெட்டையன் உயிர்த்தான். தன்னிடம் இருந்ததையும், நாளைக்கென வைத்திருந்ததையும், மனைவியின் அருகே அமரும்போது வேண்டியிருக்குமென்று மறைத்துவைத்த சிறு வலிமையையும் சேர்த்தெடுத்து அந்த ஒரு சுற்றில் எரித்தான். கோட்டைக் கடந்தான், கைகளை உயர்த்தினான், புல்லின்மேல் முழந்தாளிட்டான். தையற்காரி பலகைகளைத் தாண்டி ஓடிவந்து துவாலையால் அவன் தோளைப் போர்த்தினாள். அப்போது, தலைமை நடுவரின் கூச்சலுக்குப் பிறகு, இரண்டாம் முறையாக மணி ஒலித்தது.

"யோவ் நெட்டை! இன்னும் ஒரு ரவுண்டு இருக்குய்யா! அதுக்குள்ள கப்பு கேக்குதா?" என்று பலகைகளிலிருந்து ஒருவன் கத்தினான்.

நெட்டையன் எழ முயன்றான். முடிந்துபோனவற்றை அவன் கால்கள் மறுபடி தொடங்க மறுத்தன. சுருட்டை என்று அழைக்கப்பட்ட ஒருவன் அவனைக் கடந்து போய் முதலிடம் பெற்றான். மற்றவர்களும் கடந்து போனார்கள். சுருட்டை முதல் மணியைக் கேட்கவே இல்லை. அவ்வளவு பின்னே இருந்தான். வாழ்வில் அவன் பெற்ற உயர்வுகள் யாவற்றுக்கும் அந்தப் பின்தங்கலே அடிப்படை. கடைசி ஆளாய்க் கோட்டைத் தொட்ட நெட்டையன், துவாலை தோளிலிருந்து நழுவத் தலைமை நடுவர்முன் போய் நின்றான்.

"அப்ப மொத மணி எதுக்குய்யா அடிச்சீங்க?"

நடுவரின் தீர்ப்பே இறுதி என்பது அவ்வரங்கின் முதல் விதி. தலைமை நடுவர் வானத்தைப் பார்த்தார், பல் மருத்துவரைப் பார்த்தார், பிறகு தீர்ப்பளித்தார்: "மணி அடிக்குதான்னு பாக்க."

"அடிச்சுதா?"

"அடிச்சுது."

பல் மருத்துவர் மணிக்கயிற்றின் நுனியைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டிருந்தார்.

மறு ஆண்டு நெட்டையன் மீண்டும் வந்தான். இம்முறை மணி ஒருமுறைதான் ஒலித்தது, ஒலிக்கவேண்டிய சுற்றிலே ஒலித்தது. மற்றவர் எவரும் கண்ணுக்கு எட்டாத் தொலைவில் இருக்கையில் அவன் கோட்டைக் கடந்தான். கடந்தவன் நிற்கவில்லை. கூட்டம் கத்திற்று, நடுவர்கள் கையசைத்தனர், அவன் இன்னொரு சுற்று ஓடினான், அதற்கு மேலும் ஒன்று ஓடினான், பிறகு வாயிற்கதவு திறந்திருக்கக் கண்டு தெருவுக்குள் ஓடினான், தெருவிலிருந்து வீட்டுக்கு ஓடினான், வீட்டை அடைந்தும் உள்ளே நுழையாது அதனையே களமாக்கிச் சுற்றிச் சுற்றி ஓடினான். வெற்றி மேடையில் வந்து நின்றவர்க்கே பதக்கம் என்பது அரங்கின் இரண்டாம் விதி. ஆகவே பதக்கம் இரண்டாவதாய் வந்தவனுக்குப் போயிற்று. அதன்பின் ஆண்டுதோறும் இவ்வாறே நிகழ்ந்தது: நெட்டையன் வீட்டிலிருந்து ஓடிவந்து களத்தினுள் நுழைவான், யாவரையும் வெல்வான், நில்லாது வெளியேறுவான். அந்நாட்டின் நெடுந்தொலை ஓட்ட வாகையர் என்று இன்று பெருமையுடன் பேசப்படுவோர் அனைவரும் இரண்டாவதாய் வந்தவர்களே. வரலாறு என்பது பெரும்பாலும் நிற்க முடிந்தவர்களைப் பற்றியது.

அவனோடு பேசுவதற்குத் தையற்காரி பலகணியருகே தையற்பொறியை நகர்த்திப் போட்டுக்கொண்டாள். ஒரு சுற்றுக்கு ஒரு சொற்றொடர். கேள்வி ஒரு சுற்றில், விடை அடுத்த சுற்றில்.

"மணிதான் அடிச்சுதுல்ல? ஏங்க நிக்கல?"

அவன் வீட்டின் பின்புறம் போய்த் திரும்பி வந்தான். "முன்னாடியும்தான் அடிச்சுது."

"இந்தத் தடவ சரியாத்தானே அடிச்சாங்க?"

அவன் போய்த் திரும்பி வந்தான். "நான் நின்னதும் இன்னொண்ணு அடிக்கும்."

"அடிக்காதுங்க!"

அவன் போனான், வழக்கத்தைவிடச் சற்று நீண்டநேரம் கழித்துத் திரும்பி வந்தான். "அடிக்காதுன்னு உன்னால சொல்ல முடியும். கயிறு அவங்க கையிலதானே இருக்கு?"

அன்றுமுதல் பலகணி வழியே ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு கவளமாய் அவனுக்கு உணவூட்டினாள். அளவுநாடாவுடன் அவனருகே ஓடி அளவெடுத்து அவனுக்குச் சட்டைகள் தைத்தாள். வீட்டின் நீண்ட சுவரோரம் அவன் கண்மூடி உறங்குவதையும் மூலைகளில் விழித்துக்கொள்வதையும் கண்டறிந்தாள். அட்டை கட்டும் வேலை போயிற்று. அமராதவனை அச்சகம் வைத்துக்கொள்ளாது. மருந்துக் கடைக்காரர் ஒருவர் அவனை அழைத்து, நோயாளிகளின் வீடுகளுக்கு மருந்து கொண்டுசேர்க்கும் வேலை தந்தார். அவனைவிட விரைவாய் மருந்து கொணர்ந்தவர் எவரும் இலர், ஆயினும் மருந்தைப் பெறவேண்டிய நோயாளி அவனோடு சிறிது தொலைவு ஓடவேண்டியிருந்தது. அதனால் பலர் மருந்தை உண்ணாமலே நலமடைந்தனர். அக்கம்பக்கத்தார் அவன் ஓடும் வழியோரம் கொடிகட்டி, அவன் எழுப்பிய காற்றில் துணி உலர்த்தினர்.

"அக்கா, உங்க வீட்டுக்காரர் புண்ணியத்துல மழைக்காலத்துலகூட எங்க போர்வை காஞ்சுருது. தயவுசெஞ்சு நிறுத்திடாதீங்க" என்பாள் அடுத்த வீட்டுக்காரி.

"நான் நிறுத்தி அவர் நின்னுட்டா, உன் போர்வைய நானே ஊதிக் காய வைக்கிறேன், போடி" என்பாள் இவள். சொல்லிவிட்டு, பொறியின் சக்கரத்தின்மேல் நெற்றியைச் சாய்த்துக்கொள்வாள்.

அவளுடைய அண்ணன் ஒருமுறை வந்து, வழியின் குறுக்கே கயிறு கட்டி மைத்துனனை நிறுத்த முயன்றான். நெட்டையன் கயிற்றைத் தாண்டினான், அண்ணன் மேலும் உயர்த்திக் கட்டினான், அதையும் தாண்டினான். "எம்மா, இவரு நிக்க மாட்டாரு. தடை தாண்டுற போட்டிக்கு வேணா பேரு குடுத்துடலாம்" என்று சொல்லி, கயிற்றைச் சுருட்டிக்கொண்டு போய்விட்டான்.

இன்னொரு செய்தியும் உண்டு. அதனை அவள் மெல்லவே கண்டாள். ஆண்டுகள் சென்றன; அவள் தலை நரைத்தது, கண் மங்கிற்று, ஊசியில் நூல் கோக்க மூன்றுமுறை முயலவேண்டியதாயிற்று. பலகணியைக் கடந்து போகும் நெட்டையனோ அன்று எழுந்து ஓடியவன் எப்படியிருந்தானோ அப்படியே இருந்தான். ஒரு மயிரும் வெளுக்கவில்லை. களத்தில் மற்றவரைப் பின்தள்ளியதுபோல மூப்பையும் அவன் பின்தள்ளி ஓடிக்கொண்டிருந்தான் என்று தவிர இதற்கு வேறு விளக்கம் எனக்குத் தோன்றவில்லை. தன் கணவன் தனக்கு மகன்போலத் தோன்றத் தொடங்கியபோது அவள் துவாலையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு, பல் மருத்துவரின் அறைக்குப் போனாள்.

சிறிய அறை, கழுவுதொட்டியில் நீர் சொட்டிக்கொண்டிருந்தது, சுவரில், வேர்கள் தெரிய வரைந்த பெரிய பல் ஒன்றின் படம் மஞ்சளித்துத் தொங்கியது. நாற்காலியில் தடித்த ஆள் ஒருவன், வாய்நிறையப் பஞ்சுடன் மோட்டுவளையைப் பார்த்துக் கிடந்தான். இப்போது மருத்துவருக்கும் நரைத்துவிட்டது. கை மட்டும் இன்னும் நடுங்கவில்லை. அவளைக் கண்டவுடன் யாரென்று அறிந்தார். குறடைக் கீழே வைத்தார்.

"பல் வலியாம்மா?"

"இல்லீங்க. மணி வலி. அன்னிக்கு எதுக்கு அடிச்சீங்க? அத மட்டும் சொல்லுங்க."

மருத்துவர் கழுவுதொட்டியின் குழாயை இறுக்கி மூடினார். பிறகு, நாற்காலியில் கிடந்தவனிடம் பேசுபவர்போல, அவனையே பார்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "உன் வீட்டுக்காரர் மூஞ்சியப் பாத்தேன்மா. வாயத் தொறந்துக்கிட்டு, கண்ணு பிதுங்கி... இந்த நாற்காலில இருக்கற மாதிரியே வந்தாரு. நாப்பது பேரு மூஞ்சிய ஒரு நாளைக்கு அப்படிப் பாக்கறவன் நான். கை தானாப் போச்சு. 'இதான் கடைசி'ன்னு சொன்னா கொஞ்சம் தாங்குவாரேன்னு..."

"தாங்கினாருங்க. இன்னும் தாங்கிட்டே இருக்காரு."

"வெளியில போய் தப்பு என்னுதுன்னு சொல்லச் சொல்றியா? அன்னிக்கு ஜெயிச்ச சுருட்டை இன்னிக்குத் தடகளக் கூட்டமைப்புத் தலைவர். நான் ஒரு மணி தப்புன்னா, அடிச்ச எல்லா மணியும் தப்புன்னு ஆயிடும். இத்தன வருஷ போட்டியும் சரிஞ்சுரும்மா."

"ஒண்ணும் சரிய வேண்டாம். யாருகிட்டயும் சொல்லவும் வேண்டாம். அவருக்கு மொத மணி மேல கோவமே இல்லீங்க. ரெண்டாவது மணின்னாத்தான் பயம். நீங்க எப்பவும்போல ஒரு தடவ அடிங்க. அடிச்சிட்டு, இன்னொரு தடவ அடிக்க முடியாதபடி பண்ணிடுங்க. அவரு கண்ணு முன்னாடி."

"மணியைக் கெடுக்கணுமா? முப்பது வருஷமா அந்தக் கயிறு என் கையிலதான்..."

"தெனம் பல்லைப் புடுங்குறீங்க. ஒரு மணியோட நாக்கப் புடுங்க முடியாதா?"

நாற்காலியில் கிடந்த தடித்த ஆள் தன் வாயிலிருந்து பஞ்சை ஒவ்வொன்றாய் எடுத்துக் கிண்ணத்தில் இட்டான். "செஞ்சிருங்க டாக்டர். பாவம் அந்தம்மா" என்றான், பிறகு, வீணாய்ப்போன மயக்க ஊசியை எண்ணித் தாடையைத் தடவிக்கொண்டான்.

அவ்வாண்டுப் போட்டியன்றும் மழையே. கூட்டமைப்புத் தலைவர் கூரையிட்ட மேடையில் அமர்ந்திருந்தார். முடியெல்லாம் உதிர்ந்து, சுருட்டை என்னும் பெயர் மட்டும் அவர் தலையில் எஞ்சியிருந்தது. தையற்காரி முடிவுக்கோட்டருகே துவாலையுடன் நின்றாள். இவ்வளவு ஆண்டுகள் அவள் வேண்டியது இன்று கிட்டாவிடின் இனி என்றும் கிட்டாது என்பது அவளுக்குத் தெரியும். ஏனெனில் அடுத்த ஆண்டு பலகணியருகே தான் இருப்பாளா என்பதே அவளுக்கு ஐயமாயிருந்தது. பல் மருத்துவர் வழக்கம்போல் வெள்ளைத் தொப்பி அணிந்து, வழக்கம்போல் பலகையைப் பார்த்து நின்றார். அவரது மேலங்கிப் பை வழக்கத்துக்கு மாறாகப் பருத்திருந்தது.

நெட்டையன் வளைவைக் கடந்து நேர்வழிக்கு வந்தான். பலகை 'ஒன்று' என்று காட்டிற்று. மணி ஒலித்தது: ஒரேமுறை, தெளிவாக, மழையைக் கிழித்துக்கொண்டு. அதன் அதிர்வு அடங்குமுன் மருத்துவர் பையிலிருந்து குறடை எடுத்தார். இடக்கையால் மணியின் தாடையைப் பற்றினார். பழகிய கை ஒருமுறை திருகி, ஒருமுறை அசைத்து, ஒரே இழுப்பில் அதன் நாவைப் பிடுங்கிவிட்டது. நடுவர் எவரும் பாதையினுள் காலிடக் கூடாது என்பது அவ்வரங்கின் மூன்றாம் விதி. அவர் பாதையினுள் இறங்கி, அஞ்சல் ஓட்டக்காரன் கோலை நீட்டுவதுபோல, அந்த வெண்கல நாவை நெட்டையனை நோக்கி நீட்டினார். நெட்டையன் நில்லாமையால் அவரும் அவனோடு ஓடினார்.

"என்ன இது?" என்றான் நெட்டையன்.

"மணியோட நாக்கு. புடிங்க."

"எதுக்கு?"

"இது உங்க கையில இருந்தா ரெண்டாவது மணி அடிக்க யாராலயும் முடியாது. என்னாலயும் முடியாது."

நெட்டையன் அதனை வாங்கினான், கைக்குள் வைத்து எடை பார்த்தான், விரல்களை மூடினான். மருத்துவர் மூச்சிரைத்து நின்றுவிட்டார். மேடையிலிருந்து தலைவர் குடையின்றி இறங்கி ஓடிவந்தார்.

"யோவ் டாக்டர்! மணியை என்னய்யா பண்ணீங்க?"

"புடுங்கிட்டேன்."

"எதுக்குய்யா?"

"சொத்தை" என்றார் பல் மருத்துவர், தொப்பியைக் கழற்றினார்.

அந்தக் கடைசிச் சுற்றை நெட்டையன் விரைந்து ஓடவில்லை. ஒவ்வொரு வளைவிலும் கையைத் திறந்து பார்த்தான். நாக்கு அங்கேயே இருந்தது. கோட்டைக் கடந்தான், சில அடி வைத்தான், தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். மழை பெய்தது. வேறொன்றும் ஒலிக்கவில்லை. நின்றான்.

அவன் நின்ற அக்கணத்தில், இவ்வளவு ஆண்டுகளாய் அவன் முந்திவந்தவை யாவும், களைத்து மூச்சிரைத்து, ஒன்றன்பின் ஒன்றாய் அவனை வந்து எட்டின. துவாலையுடன் தையற்காரி அவனை நோக்கி நடந்த அச்சிறு தொலைவுக்குள் அவன் முடி நரைத்தது, தோள் கூனிற்று, கன்னம் ஒட்டிற்று, அவள் அருகே வந்து சேர்ந்தபோது அவளைவிட முதியவனாய் இருந்தான். ஈரப் புல்லின்மேல் அமர்ந்தான். அமரத் தெரியாதவன்போல முதலில் ஒரு காலை மடித்தான், பிறகு அதை நீட்டினான்.

"முடிஞ்சுதா?" என்றான்.

"முடிஞ்சுதுங்க."

"யாரு ஜெயிச்சா?"

"நீங்கதான். வேற யாரு?"

"கால் வலிக்குது. வீட்டுக்குப் போலாமா?"

மணி பழுதுற்றமையால் அவ்வோட்டம் செல்லாது என்று தலைவர் அறிவித்தார். அப்போட்டியின் வரலாற்றில் அவ்வாண்டுக்கு நேரே 'மழையால் நடைபெறவில்லை' என்றே இன்றும் எழுதப்பட்டிருக்கிறது. அதனைத் தையற்காரி அறியவுமில்லை, அறிய விழையவுமில்லை. அவள் வேண்டியது அவளுக்குக் கிட்டியிருந்தது. பலகணியருகே, தையற்பொறிக்கு அடுத்து, ஒரு நாற்காலியில் அவன் அமர்ந்தான், அவள் தைத்தாள், அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் காலடியோசையிலேயே உறங்கப் பழகியவளுக்கு அவ்வமைதியில் உறக்கம் வரவில்லை. அடுத்த வீட்டுக்காரியின் போர்வைகள் உலராமல் நாறின. ஒரு கார்காலம் கழிந்தது. மறு கார்காலத்தின் தொடக்கத்தில், ஒரு சட்டையைத் தைத்து முடித்துப் பல்லால் நூலைக் கடித்தறுத்துவிட்டு அவள் நிமிர்ந்தபோது, அவன் கண்கள் திறந்திருந்தன, ஆனால் அவன் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. வெண்கல நாவை அவள் துணி பறக்காதிருக்க மேசைமேல் எடையாய் வைத்துக்கொண்டாள். இரும்பு எதன்மேலும் அது பட்டு ஒலித்துவிடாதபடி, தன் நாள் முடியும்வரை, அதனைப் பஞ்சுறையிட்டே வைத்திருந்தாள்.

படிப்போரே, இரக்கத்தால் சொல்லப்படும் பொய் ஒருவனை ஒரு சுற்று தாங்கும். அடுத்த சுற்றை அவன் தன் வாழ்நாளால் ஓடவேண்டியிருக்கும். முடிந்தது என்று ஒருவனிடம் சொல்லுமுன், உண்மையிலேயே முடிந்ததா என்று ஒருமுறை பலகையை நிமிர்ந்து பார்ப்பது அறம். அந்நாட்டின் நெடுந்தொலை ஓட்டங்களில் கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்கும் வழக்கம் முதற்போட்டி தொட்டு இன்றுவரை ஒருநாளும் இருந்ததில்லை. வெள்ளைக் கொடிதான் அசைக்கிறார்கள்; இதையும் அதே பற்களின்மீது ஆணையிட்டே சொல்கிறேன்.